லைன் வேலுச்சாமி பேரில் இருக்கிறது

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்லதாகப் பேச எனக்கு வராது. துணை மின்நிலையத்தில் ஷிப்ட் பார்த்த காலம் முழுக்க நான் கோபக்காரி என்றுதான் பேர் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை கூடியிருக்கிறதே தவிர கோபம் குறையவில்லை.

போன வாரம் உங்களில் ஒரு தம்பி போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். லைனில் வேலை முடிந்துவிட்டது என்று எதிர்ப்பக்கம் யாரோ சொல்கிறார்கள். இவன், "செரிங்ணா, கரண்ட்டப் போட்டர்றேன்" என்கிறான். பேசியது யார் என்று கேட்டேன். "லைன்மேனோட கூட்டாளிங்க மேடம்" என்றான். எனக்குக் கோபம் வந்தால் தூத்துக்குடிப் பேச்சு தானாக வந்துவிடும். "எல, லைன நீ கூட்டாளி பேர்லயா குடுத்த?" என்று கத்திவிட்டேன். பாவம், எழுந்தே நின்றுவிட்டான். நல்ல பையன்தான். அவன் யாரென்று சொல்ல மாட்டேன், நீங்களும் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள்.

லைன் கிளியர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கம்பியில் ஆள் வேலை செய்ய வேண்டுமென்றால் இங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த லைனை ஒரு ஆளின் பேரில் கொடுக்கிறோம். அந்த ஆள் தன் வாயால் திருப்பித் தருகிறவரைக்கும் லைன் அவருடையது. முதலமைச்சரே வந்து கேட்டாலும் அதில் மின்சாரத்தைப் போடக்கூடாது. இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். படித்ததெல்லாம் போன் மணி நிற்காமல் அடிக்கிறபோது ஞாபகம் இருக்குமா என்பதுதான் கேள்வி. எனக்கு அது எப்போது மண்டையில் ஏறியது என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த நல்ல வருஷங்களில் ஒன்று. திருப்பூரில் ஆர்டர் குவிந்து கிடந்தது. தென்மாவட்டத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்களே தெருவுக்கு நாலு குடும்பம் இருந்தார்கள். நான் அப்போது அவினாசிப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் ஏ.இ.யாக, உதவிப் பொறியாளராக, இருந்தேன். அந்த வட்டாரத்தில் ஷிப்ட் பார்த்த பொம்பளை நான் ஒருத்திதான். ஏதாவது தப்பாகப் போனால், "பொம்பளைய உக்கார வெச்சா இப்படித்தானுங்க" என்று சொல்ல ஆள் தயாராக இருந்தது.

சேவூர் ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆண்டு விழா. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருகிறார்கள் என்று வடக்கேயிருந்து பெரிய சூடான காற்றுப் பலூன் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பலூன் மேல் கம்பெனிப் பெயரும், ராட்சத அளவில் கை வைத்த பனியன் படம் ஒன்றும். பையர்கள் மட்டும் ஏறினால் போதுமா என்று முதலாளிக்கு நல்ல மனசு வந்து, தொழிலாளர்களுக்கும் குலுக்கல் போட்டார். குலுக்கலில் விழுந்தவர்கள் காலையில் கூடையில் ஏறிப் பறக்கலாம்.

அன்று காலை ஷிப்ட் எனக்கு. லைன்மேன் வேலுச்சாமி ஏதோ சாமான் எடுக்க நிலையத்துக்கு வந்திருந்தார். அவர்தான் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங் மேடம், வெசையா வாங்க! பனியன் பறக்குது பாருங்க!"

போய்ப் பார்த்தேன். நிஜமாகவே பனியன் பறந்தது. தென்னந்தோப்புக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாக வந்துகொண்டிருந்தது. ரோட்டில் மொபெட்டுகளை நிறுத்திவிட்டு ஜனங்கள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கை காட்டிக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று தோன்றியது. முந்தின நாள் அது பறந்தபோது நெருப்பு எரிகிற சத்தம் நிலையம்வரை கேட்டது. புஸ், புஸ் என்று பெருமூச்சு விடுகிற மாதிரி. இப்போது சத்தமே இல்லை. நெருப்பும் தெரியவில்லை. பலூன் பெரிதாகிக்கொண்டே வந்தது. கிட்டே வருவதால் பெரிதாகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அது இறங்கிக்கொண்டிருந்தது.

"வேலுச்சாமி, அது எறங்குதுல்லா?"

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஆமாங் மேடம். காத்து வேற நம்ம லைனு பக்கமே தள்ளுதுங்க."

சிலிண்டரிலிருந்து நெருப்புக்கு வாயு வருகிற வால்வு இறுகிப்போய்விட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். பலூன் ஓட்டுகிறவர் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார், அது அசையவில்லை. அதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அதற்குக் கீழே ஒரு கூடை, கூடைக்குள் தலைகள், அவர்களுக்கு எதிரே எங்களுடைய நூற்றுப்பத்து கே.வி. லைன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த லைனை நிறுத்தினால் மீதியிருக்கிற சின்ன லைன் பாரம் தாங்காது. ஊருக்குள் மின்சாரம் கொண்டுபோகிற ஃபீடர்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓடுகிறது, சாயப்பட்டறைகளில் துணி பாதி வெந்துகொண்டிருக்கிறது, நடுவில் நின்றால் அந்த லாட் பாழ். மேலே கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்றால், கேட்டு முடிப்பதற்குள் பலூன் வந்துவிடும். கேட்காமல் நிறுத்தி, பலூன் பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டால்? பலூனைப் பார்த்துப் பயந்து ஊரை நிறுத்திய பொம்பளை என்று ரிட்டயர் ஆகிறவரை சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும் என்று முடிவு செய்தேன். சிரிக்கிறவனுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். கூடையில் இருக்கிறவர்களின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

"வேலுச்சாமி, பெல்ட்டும் கயிறும் எடுத்துக்கிட்டு நீ கெளம்பு. நான் போன்ல சொல்லுத வரைக்கும் டவரத் தொடப்படாது, கேட்டியா?"

"செரிங் மேடம்." அவருடைய மொபெட் அன்றைக்கென்று ஒரே உதையில் கிளம்பியது.

உள்ளே ஓடி ஃபீடர்களை நிறுத்திவிட்டு பிரேக்கரைத் திறந்தேன், திறப்பதென்றால் நம் பேச்சில் மின்சாரத்தை வெட்டுவது. திறந்துவிட்டு மீட்டரைப் பார்த்தால், லைனில் மின்சாரம் இருப்பதைக் காட்டுகிற முள் அப்படியே நிற்கிறது. அது இரண்டு பக்கமும் மின்சாரம் வருகிற லைன். நான் என் பக்கத்தை வெட்டிவிட்டேன், எதிர்முனையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அதை வெட்ட வேண்டியவர் பல மைல் தள்ளி வேறொரு நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக இரண்டு நிலையத்துக்கும் நடுவே உள்ள தனிப் போனில் தினம் பேசியிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை. சட்டம் என்றால் அவருக்குச் சாமி. ஒரு தடவை, லைன் கொடுத்து வாங்கும்போது சொல்கிற சங்கேத எண்ணில் ஒரு இலக்கத்தை நான் விழுங்கிவிட்டேன் என்று, மழை கொட்டுகிற நேரத்தில் முதலிலிருந்து மறுபடி சொல்ல வைத்தார். "தாறுமாறாப் பேசற எடமா மேடம் இது?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

போனை எடுத்தார்.

"சார், நம்ம லைன ஒடனே தொறங்க. பலூன் ஒண்ணு லைன் மேல விழப்போகுது. ஆள் இருக்காங்க."

"பலூனுங்களா?"

"ஆமா சார், பலூன்! மனுசங்க ஏறிப் போற பலூன்!"

"ஆரு சொல்லித் தொறக்கறதுங்க? மேலிடத்துல கேட்டீங்களா?"

"கேக்கல. நான் சொல்லுதேன். எம் பேரப் போட்டுக்கோங்க. தப்புன்னா என் வேல போகட்டும். சார், உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்."

போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. போய்த் தொலைந்தது, இந்த மனுஷன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார் என்று நினைத்தேன். கண் மீட்டரிலேயே இருந்தது. முள் சடாரென்று விழுந்தது.

"தொறந்துட்டனுங்க" என்றார். "எர்த்தும் போட்டர்றேன். நீங்களும் போடுங்க. போனை வெக்காதீங்க மேடம், நான் லைன்லயே இருக்கறேன்."

இந்த மனுஷன் ஏன் நம்பினார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நான் கெஞ்சியதால் இல்லை. அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் அவரிடம் இல்லாததை இருப்பதாகச் சொன்னதில்லை. சண்டை போட்டிருக்கிறேன், பொய் சொன்னதில்லை. நீங்கள் தினமும் போனில் சொல்கிற சின்னச் சின்ன உண்மைகள்தான், ஒரு நாள் ஒரே ஒரு பெரிய வார்த்தையைக் கேள்வி கேட்காமல் நம்ப வைக்கும். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று போனில் பேசுகிறவர்களை அந்த ஒரு நாள் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் கம்பியை மண்ணோடு இணைத்து எர்த் போட்டு, லைன் செத்தது என்று உறுதி செய்துகொண்டு, வேலுச்சாமியின் செல்லுக்கு அடித்தேன். "லைன் உன் பேர்ல இருக்கு வேலுச்சாமி. டவர்ல ஏறலாம்." அவரும் திருப்பிச் சொன்னார்: "லைனு எம்பேர்ல இருக்குதுங்க." அவ்வளவுதான் பேச்சு. வாசலுக்கு வந்து பார்த்தேன். பலூன் தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வெடிக்கிற சத்தம் எதுவும் வரவில்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னேன். சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது போன். சாயப்பட்டறைக்காரர்கள், நிட்டிங்காரர்கள், யார் யாரோ. "ஏனுங்க, கரண்ட்டு எப்பங்க வரும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கொங்கு நாட்டுக்காரர்கள் திட்டினால்கூட கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். ஒருத்தர், "உங்க வூட்டுத் துணியா இருந்தா இப்புடி நிறுத்துவீங்களாங்க?" என்று கேட்டார். கிரகம், அவர் கஷ்டம் அவருக்கு.

அந்தச் சமயத்தில் என் மேலதிகாரி கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. பதற்றத்தில் இருந்தார், அவருக்கும் மேலேயிருந்து போன்.

"கம்பெனி மேனேஜரே பேசிட்டாரும்மா. பலூன் லைன்ல படவே இல்லையாம். தாண்டிப் போய்ச் சோளக்காட்டுல எறங்கிருச்சாம். எல்லாரும் பத்திரம். நீ லைனைப் போடு."

"வேலுச்சாமி சொல்லட்டும் சார்."

"வேலுச்சாமி என்ன சொல்றது? மேனேஜர் சொல்றாரு, நான் சொல்றேன்."

"லைன் வேலுச்சாமி பேர்ல இருக்கு சார்."

"அவனுக்குப் போன் பண்ணு."

"பண்ணிட்டேன். எடுக்கல."

"எடுக்கலன்னா ஊரே இருட்டுல கெடக்கணுமா?"

"பகல்தான சார்" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் குரல் உயர்ந்துவிட்டது. இது என் உத்தரவு, உடனே போடு என்றார். வேலை போனால் என்ன செய்வது என்று ஓடியது புத்தி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை. ஆனாலும் வாய் பாட்டுக்குப் பேசியது.

"சார், நீங்க வேணும்னா வாங்க. வந்து உங்க கையாலயே போடுங்க. என் கை போடாது."

அவர் போனை வைத்துவிட்டார். மேஜைமேல் எடுத்து வைத்திருந்த தனிப் போனில் எதிர்முனைக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "செரியாச் சொன்னீங்க மேடம்" என்றார். "நீங்க போட்டாலும் நான் போட மாட்டனுங்க." அவரிடமிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

அந்த நேரத்தில் தோப்புக்குப் பின்னால் நடந்ததை வேலுச்சாமி அப்புறம் சொன்னார். பலூன் தாண்டிப் போகவில்லை. துணி முழுக்கக் கம்பிகள் மேலும் டவர் மேலும் சரிந்து கிடந்தது. கூடை சாய்ந்து டவரின் பாதி உயரத்தில் தொங்கியது. சாய்ந்த வேகத்தில் பலூன் ஓட்டுகிறவர் வெளியே தெறித்துச் சோளக்காட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். கூட வந்த டெய்லர் ஒருவர் கயிற்றைப் பிடித்து வழுக்கி இறங்கிவிட்டார். காட்டில் இரண்டு பேரைத் தூரத்திலிருந்து பார்த்த யாரோ, எல்லாரும் இறங்கியாச்சு என்று யாரிடமோ சொல்ல, அது வாய் மாறி வாய் மாறி மேனேஜருக்குப் போய், என் அதிகாரிக்கு வரும்போது பலூன் லைனில் படவே இல்லை என்றாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நல்ல சேதியைச் சொல்லிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம்.

வேலுச்சாமி அந்த டெய்லரைப் பிடித்து உலுக்கி, "எத்தன பேரு ஏறுனீங்க?" என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறார். மூன்று பேர். மூன்றாவது ஆள், செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற பாத்திமா. தாராபுரம் பக்கத்துப் பெண், இருபது வயதுகூட இருக்காது. குலுக்கலில் விழுந்த சந்தோஷத்தில் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கூடையோடு சேர்த்துத் துணி அவளை மூடிவிட்டதால் கீழேயிருந்து யாருக்கும் தெரியவில்லை. பயத்தில் சத்தமும் எழும்பவில்லை.

வேலுச்சாமி ஏறிப்போய்த் துணியை விலக்கினால், கூடையின் பிரம்பை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். கையை நீட்டினார். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவள் வெளியே வர வேண்டுமானால் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

"கம்பில கரண்ட்டு இருக்குங்களாண்ணா?"

"இல்ல கண்ணு. வந்து காலை வெய்யி."

"ஆராச்சும் போட்டுட்டா?"

"போட மாட்டாங்க. லைனு எம்பேர்ல இருக்குது. நான் சொல்லாம ஆரும் போட முடியாது."

"மறந்து போட்டுட்டாங்கன்னா?"

"அங்க உக்காந்திருக்கறது எங்க மேடம். அவுங்க கோவத்துக்கு மறதியெல்லாம் கிட்ட வராது. நீ வா சாமி."

அவள் சிரித்தாளாம். அழுதுகொண்டே சிரித்து, காலை எடுத்துக் கம்பிமேல் வைத்தாளாம். வேலுச்சாமி தன் பெல்ட்டை அவிழ்த்து அவளுக்குக் கட்டி, கயிற்றைக் கீழே நின்றவர்களிடம் கொடுத்து இறக்கினார். என் அதிகாரி என்னிடம் போடு போடு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் கால் கம்பியில் இருந்தது. நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அதைத் தெரிந்துகொண்ட அன்று நான் சாப்பிடவில்லை. என் அதிகாரி நேரில் வந்து என் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். கேட்காமல் நிறுத்தியதற்கு விசாரணை வந்தபோது எனக்காக முதலில் பேசியவரும் அவர்தான்.

அதெல்லாம் அப்புறம். நிலையத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. போன்களை எடுப்பதை விட்டுவிட்டேன். செல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது அடித்தது, வேலுச்சாமியின் நம்பர். எடுத்தால் ஒரு பெண் குரல், மூச்சு வாங்குகிறது.

"அக்கா... மேடமுங்களா? நான் பாத்திமா பேசறேனுங்க. பலூன்ல இருந்தனுங்க. நான் எறங்கிட்டேன். எனக்காகத்தான் ஊருக்கே கரண்ட்டு இல்லைன்னு அண்ணன் சொன்னாருங்க. எங்க கம்பெனியிலயும் மிசினு நிக்குமுங்க. இனி போட்டுக்கங்க அக்கா."

நான் விடுவேனா?

"நீ சொன்னா நான் போட மாட்டேன் தாயி. போன வேலுச்சாமிகிட்ட குடு."

வேலுச்சாமி வாங்கினார். "புள்ளை பத்திரமா எறங்கீருச்சுங் மேடம். மூணு பேரும் கீழ. ஆனா பலூனுத் துணி இன்னும் கம்பி மேலதான் கெடக்குது. அதையெடுக்கோணும். லைனு எம்பேர்லயே இருக்கட்டுங்க."

"இருக்கட்டும் வேலுச்சாமி" என்றேன். "எவ்வளவு நேரமானாலும் இருக்கட்டும்."

மேஜைமேல் இருந்த தனிப் போனை எடுத்தேன். சேதியைச் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"மேடம்? என்னாச்சுங்க? தாயின்னு பேசுனீங்களே, அந்தப் புள்ளை..." என்றார் எதிர்முனைக்காரர். அவர் குரலும் உடைந்திருந்தது.

"எறங்கிட்டா சார். எல்லாரும் எறங்கிட்டாங்க. துணி எடுக்கணும், லைன் வர நேரமாகும்."

"ஆகட்டுங்க மேடம்" என்றார் அந்தச் சட்டக்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "பொளுது சாஞ்சு வந்தாலும் போதுமுங்க. நமக்கென்ன அவசரம்?"